ரேஞ்ச் இல்லை

எங்கள் மலையில் ரேஞ்ச் என்ற சொல்லுக்கு மூன்று பொருள் உண்டு. ஒன்று, மலையே: இடுக்கியின் மேட்டுப்பகுதி முழுவதையும் ஹைரேஞ்ச் என்றுதான் சொல்வோம். இரண்டு, வனத்துறையின் ரேஞ்ச் ஆபீஸ். யானை வாழையைச் சாய்த்தால் அங்கேதான் போய் நிற்க வேண்டும். மூன்று, போனுக்கும் வைஃபைக்கும் கிடைக்கிற சிக்னல். மலையிறங்கித் தமிழ்நாட்டுப் பக்கம் போடிக்குப் போனால் "டவர் கிடைக்கல" என்பார்கள். நாங்கள் மலையாளிகளோடு சேர்ந்து "ரேஞ்ச் இல்ல" என்போம். இந்த மூன்றும் ஒருநாளும் ஒன்றோடொன்று மோதியதில்லை. ஹைரேஞ்சில் ரேஞ்ச் இல்லை என்று ரேஞ்சரிடமே சொல்லலாம், அவருக்குப் புரியும்.

நான்காவது பொருளைச் சென்னையிலிருந்து ஒருவர் கொண்டுவந்தார். எங்கள் கம்பெனியைத் தூக்கி நிறுத்த வந்த புதிய தலைமைச் செயல் அதிகாரி அவர்.

கம்பெனி என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. வண்டன்மேட்டில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடி. கேபிள் டிவி ஓடிய காலத்தில் ஊர் ஊராக வயர் இழுத்துக்கொண்டிருந்த சிலர் சேர்ந்து ஆரம்பித்தது. பிறகு இணையத்துக்கு மாறியது. அதன்பிறகு ஏலக்காய் வியாபாரக் குடும்பம் ஒன்று அதை வாங்கிக்கொண்டது. கீழேயிருந்து வரும் இணையத்தை ஒரு குன்றின் உச்சியிலிருந்து அடுத்த குன்றின் உச்சிக்கு ரேடியோ அலையாக எறிவோம். அங்கிருந்து வீடுகளுக்கு வயர். சில வருடங்கள் மலையில் எங்களை விட்டால் ஆளில்லை. அதனால் நாங்கள் திறமைசாலிகள் என்று நினைத்துக்கொண்டோம். பெரிய போன் கம்பெனிகள் சாலையோரம் கண்ணாடி இழைக் கேபிளைப் பதித்துக்கொண்டு மேலே ஏறி வந்த பிறகுதான் தெரிந்தது, அது திறமை இல்லை, தனிமை.

நான் பொறியியல் முடித்துவிட்டு அங்கே நெட்வொர்க் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தபோதே இறங்குமுகம் தொடங்கிவிட்டது. காரணங்களை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன்; எனக்கு அது பழக்கம். குன்றுகளின் மேல் ரேடியோக்களை ஓட்டுகிற பேட்டரிகள் கிழடுதட்டியிருந்தன. மழைக்காலத்தில் சூரியன் முகம் காட்டாத வாரங்களில் சோலார் தகடு இருந்தும் பயனில்லை. வயர்களைப் பல இடங்களில் மரத்தில் கட்டியிருந்தார்கள். தோட்டக்காரர் கிளை கழிக்கும்போது வயரும் சேர்ந்து விழும். புகார் சொல்ல அழைத்தால் பாதி நேரம் யாரும் எடுப்பதில்லை. எல்லாமே சரிசெய்யக்கூடியவை. எல்லாவற்றையும் சரிசெய்தாலும் டவுனுக்குள் பெரிய கம்பெனிகளோடு மோத முடியாது என்பதையும் அதே தாளில் எழுதியிருந்தேன். ஆனால் கண்ணாடி இழை ஏறாத மேடுகளும், எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களும் எங்களுக்கு மிஞ்சும். சின்னதாக, மரியாதையாகப் பிழைக்கலாம்.

முதலாளிகளுக்குச் சின்னதாகப் பிழைப்பதில் விருப்பமில்லை. கம்பெனிக்குக் காலில் புண் இருந்தது. அவர்கள் தலையை மாற்றினார்கள்.

புதியவர் வந்த அன்று முதலாளி குடும்பத்து மூத்தவர் அவருக்கு ஏலக்காய் மாலை போட்டார். புதியவர் இதற்கு முன் எந்தெந்தக் கம்பெனிகளுக்குத் தலைமை வகித்தார் என்று ஒருவர் வாசித்தார். அவற்றில் எவையெல்லாம் இப்போது உயிரோடு இருக்கின்றன என்று வாசிக்கவில்லை. முதல் சில வாரங்களில் அவர் மாற்றியவை: நாற்காலிகள், சுவரின் நிறம், கம்பெனிப் பெயரின் எழுத்து வடிவம், "பிரச்சினை" என்ற சொல். இனி யாரும் பிரச்சினை என்று சொல்லக் கூடாது, சவால் என்று சொல்ல வேண்டும். மாற்றாதவை: பேட்டரிகள்.

எங்கள் லைன்மேன்களில் பலர் ஏலத்தோட்டத்து வேதக்கார, அதாவது கிறிஸ்தவப் பிள்ளைகள். சி.இ.ஓ. என்பது அவர்கள் வாயில் புரண்டு புரண்டு, வேதாகமத்து மலையான சீயோன் ஆகிவிட்டது. "சீயோன் எழுந்தருளியாச்சா?" என்று காலையில் விசாரித்துவிட்டுத்தான் மாடியேறுவார்கள். அவர் காதிலும் அது விழுந்தது. உள்ளூர்ப் பையன்கள் தன் பதவியை எவ்வளவு இனிமையாக உச்சரிக்கிறார்கள் என்று முதலாளியிடம் சொன்னாராம்.

இதில் சிரிப்பதற்கு மட்டும் விஷயம் இருந்திருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் எங்கள் கம்பெனியின் கடைசிக் குன்றுக்குக் கீழே, சின்னக்கானலில், என் அக்கா இருந்தாள்.

அது அம்மாவின் லயத்து வீடு. அப்பா இல்லை, அம்மா எஸ்டேட்டில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். அத்தான் அடுத்தவருடைய ஜீப்பில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு அலைகிறார். அக்கா கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு முன்னறையில் லேப்டாப் வைத்து வேலை பார்த்தாள். எங்கோ வெளிநாட்டில் தானாக ஓடும் கார் செய்கிறார்களாம். அதற்காகச் சாலைப் படங்களை அனுப்புவார்கள். எது வண்டி, எது ஆள், எது மரம் என்று இவள் கட்டம் கட்டித் தர வேண்டும். பாதியில் இணைப்பு அறுந்தால் அந்தப் படக்கட்டு வேறு நாட்டில் வேறொருத்திக்குப் போய்விடும். அடிக்கடி அறுந்தால் ஆளையே நீக்கிவிடுவார்கள்.

லயத்து வீட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. குடும்பத்தில் ஒருவர் எஸ்டேட்டில் பேர் கொடுத்து வேலையில் இருக்கும்வரைதான் வீடு. அம்மாவுக்கு ஓய்வு வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மாவுக்குப் பதில் அக்கா பேர் கொடுத்தால் வீடு நிற்கும். கொடுக்காவிட்டால் காலி செய்துவிட்டு வாடகை வீடு தேட வேண்டும். வாடகைக்குப் போக லேப்டாப் வேலை நிலைக்க வேண்டும். அது நிலைக்க எங்கள் கம்பெனி நிலைக்க வேண்டும். அந்த மேட்டில் வேறு யாருடைய இணையமும் கிடையாது. கொழுந்து எடுப்பதை அக்கா கேவலமாக நினைக்கிறவள் இல்லை. அம்மாவின் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள், அவ்வளவுதான்.

அதனால், புதியவர் வாடிக்கையாளர் புகார்களைப் படிக்கப்போகிறார் என்று கேள்விப்பட்டபோது நான்கூடக் கொஞ்சம் நம்பினேன்.

அவர் படிக்கவில்லை. படிப்பதற்கு ஒரு மென்பொருள் வாங்கினார். புகார் எடுக்கும் பெண்கள் ஆங்கில எழுத்தில் "ரேஞ்ச் இல்லா" என்று தட்டி வைத்திருந்த அத்தனையையும் அது விழுங்கி, ஒரு வண்ண வட்டமாகத் துப்பியது. வட்டத்தின் பெரும்பகுதி ஒரே நிறத்தில் இருந்தது. அதன்மேல் எழுதியிருந்தது: ரேஞ்ச் போதவில்லை.

கூட்டத்தில் அந்த வட்டத்தைச் சுவரில் காட்டினார். "கைஸ், இதைப் பாருங்க. கஸ்டமர் நம்மகிட்ட கத்திக் கத்திக் கேக்கறாங்க. ரேஞ்ச் வேணும், ரேஞ்ச் வேணும்னு. அதாவது வெரைட்டி. நம்மகிட்ட என்ன இருக்கு? ஒரே ஒரு ப்ளான். துணிக்கடைல ஒரே ஒரு சட்டையத் தொங்கவிட்டா யார் உள்ள வருவா?"

அந்த அறையில் அவரைத் தவிர எல்லாரும் மலைக்காரர்கள். ரேஞ்ச் என்றால் என்ன என்று எல்லாருக்கும் தெரியும். அன்று காலையில்கூட அவர்களில் யாராவது போனை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து அந்தச் சொல்லைச் சொல்லியிருப்பார்கள். ஆனாலும் இரண்டு பேர் குறிப்பெடுத்தார்கள்.

நான் கையைத் தூக்கினேன். "சார், இங்க ரேஞ்ச்னா சிக்னல். ரேஞ்ச் இல்லன்னா நெட் வரலன்னு அர்த்தம். ப்ளான் பத்தாதுன்னு யாரும் சொல்லல."

அவர் கனிவாகச் சிரித்தார். "சூப்பர் இன்புட். ஆனா யோசிச்சுப் பாருங்க, சிக்னல் இல்லைங்கறதும் ஒரு வகைல சாய்ஸ் இல்லாததுதானே?" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனார்.

தெரியாமல் தவறுகிறவர் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. சென்னைக்காரருக்கு எங்கள் ரேஞ்ச் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரிந்த பிறகும் அந்த வட்டத்தை விட அவருக்கு மனம் வரவில்லை. அதற்கு முந்தின நாளே முதலாளிகளிடம் காட்டிக் கைதட்டல் வாங்கியாகிவிட்டது. நான் அவரைப் பற்றிய என் முடிவை அந்த நிமிடமே எடுத்தேன். பின்னால் அதைத் திருத்தும்படி அவர் எதுவும் செய்யவில்லை.

வெளியே வந்ததும் பழைய மேனேஜர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். கேபிள் டிவி காலத்திலிருந்தே இருப்பவர். "ஏ பாப்பா, புது மாப்பிள்ளை எலையில வந்து உக்காந்ததும் சோத்துல கல்லு கெடக்குன்னு சொல்லுவியா? அவரே கடிச்சுத் தெரிஞ்சுக்கட்டும்."

கடிக்கப்போவது அவர் பல் இல்லை என்றேன். அதுவும் சரிதான் என்று ஒத்துக்கொண்டு டீ குடிக்கப் போனார். எதையும் ஒத்துக்கொண்டு டீ குடிக்கப் போகிறவர் அவர். கம்பெனி சரிந்ததில் பாதி அந்த டீக்கடையில்தான் நடந்தது.

ஒரு ப்ளான் நான்கு ப்ளானாயிற்று. கொச்சியிலிருந்த ஒரு விளம்பரக்காரர் மண்மணத்தோடு பெயர் வைத்துக் கொடுத்தார்: தளிர், மிளகு, மூடுபனி, ஏலம். நான்கும் அதே கம்பத்திலிருந்து அதே வயரில் வரும் அதே இணையம். மூடுபனி இறங்கினால் எங்கள் சோலார் தகடு படுத்துவிடும். கழுத்தை நெரிக்கிறவன் பெயரையே பிள்ளைக்கு வைத்தது மாதிரி. அதைக்கூட விட்டுவிடலாம். ஏலத்தை விட முடியவில்லை.

மலையாளத்தில் ஏலம் என்றால் ஏலக்காய்; கூவி விற்பதற்கு அவர்கள் லேலம் என்பார்கள். தமிழில் இரண்டுமே ஏலம். வண்டன்மேட்டில் ஏலக்காயும் விளைகிறது, ஏலமும் நடக்கிறது. பேச்சின் போக்கிலேயே எது எது என்று தெரிந்துகொள்வோம். விளம்பரக்காரர் மலையாளத்தில் எழுதியதை அப்படியே தமிழ் எழுத்துக்கு மாற்றினார்கள். தலைமை அதிகாரிக்குத் தமிழ் பேச வரும். வாசிப்பது ஆங்கில எழுத்தில்தான். கையெழுத்துப் போட்டுவிட்டார். ஏல மையத்துக்குப் போகிற சாலையில், எல்லா வண்டிகளும் வேகம் குறைக்கிற வளைவில், எங்கள் கம்பெனிப் பெயரும் முத்திரையும் போட்டு, மலையாளத்திலும் தமிழிலும் பெரிய பேனர் ஒன்று தொங்கியது:

ஏலம் ஆரம்பம். முந்துங்கள்.

மலையாளிகளில் சிலர் எந்த ரகம், நாற்று எப்போது கிடைக்கும் என்று கேட்டு அழைத்தார்கள். தமிழர்கள் யாரும் அப்படிக் கேட்கவில்லை. கம்பெனி ஏலத்துக்கு வந்துவிட்டது என்று மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்தது. ரொம்ப நாளாகச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்களே பேனர் கட்டி உறுதி செய்தோம். இருந்த வாடிக்கையாளர்களும் பெரிய கம்பெனிக்கு மாறத் தொடங்கினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நானாக இருந்தாலும் மாறியிருப்பேன்.

இரண்டாம் நாள் கம்பம் டவுனிலிருந்து பழைய இரும்பு வியாபாரி ஒருவர் மினி லாரியோடு மலையேறி வந்தார். நேரே மேனேஜரிடம் போனார். "அண்ணே, கம்பெனி மொத்தமாப் போகுதா, பிரிச்சுப் போகுதா? வயரு மட்டும்னா நானே எடுத்துக்கிறேன்."

ஏலமெல்லாம் இல்லை என்றார் மேனேஜர்.

"பேனர்ல போட்டுட்டு இல்லைங்கிறீகளே. வேற ஆளுக்குப் பேசி முடிச்சிட்டீகளா?"

சத்தம் கேட்டுத் தலைமை அதிகாரி கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். புது வாடிக்கையாளர் என்று நினைத்து, அவருக்கு எந்த ப்ளான் பொருத்தமாக இருக்கும் என்று தானே விளக்கி, வழவழப்பான விளக்கத்தாள் ஒரு கட்டை எடுத்துக் கையில் கொடுத்தார். வியாபாரி அதை உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்த்தார்.

"இந்தப் பேப்பரும் எடைக்குத்தானா?"

அந்த வருடம் அந்த அலுவலகத்தில் கேட்ட ஒரே நேர்மையான மதிப்பீடு அது. லைன்மேன்கள் படிக்கட்டில் உட்கார்ந்து அடக்கமாட்டாமல் சிரித்தார்கள். பேனரை இறக்க ஒரு வாரம் ஆனது. அழைப்புகளும் நேரில் வருபவர்களும் பலமடங்கு கூடியிருப்பதாகவும், ஊரே நம்மைப் பற்றிப் பேசுவதாகவும் அவர் முதலாளிகளுக்கு எழுதினார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அந்த வாரம்தான் அக்கா அழைத்தாள். எடுத்த எடுப்பில், "ஏட்டி, இன்னைக்கும் ரேஞ்ச் இல்ல" என்றாள். வேலை கொடுப்பவர்கள் கடைசி எச்சரிக்கை அனுப்பிவிட்டார்களாம். எஸ்டேட் ஆபீசிலும் நெருக்கினார்களாம். "அம்மா எறங்கும்போது ஏம் பேரு ஏறணுமாம். இல்லன்னா இப்பவே சொல்லிரணுமாம்." பேட்டரிக்கு எழுதியிருக்கிறேன், பார்க்கிறேன் என்றேன். "நீ பாத்துக்கிட்டுத்தான் இருக்க," என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பேட்டரி கேட்டு நான் எழுதியதெல்லாம் "பிறகு" என்ற ஒரே சொல்லோடு திரும்பி வந்துகொண்டிருந்தது. செலவுகளை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். பேனர் செலவில் சேராது போல. அவருக்குப் பொறியியல் மொழியில் எழுதுவதை அன்றோடு நிறுத்தினேன். தளிர் ப்ளானைத் தேயிலை நாட்டில் வைத்து வெளியிட்டால் என்ன என்று எழுதினேன். சின்னக்கானல் குன்றின் உச்சி; பின்னால் பச்சைச் சரிவு; அதன் மேல் மேகம். தேவைப்படுபவை: ரிப்பன், கத்தரிக்கோல், குத்துவிளக்கு, சின்னப் பந்தல், விழா அறுபடாமல் நேரலையில் போவதற்குப் புதிய பேட்டரிகள்.

அன்றைக்கே அனுமதி வந்தது. அற்புதமான யோசனை என்று பாராட்டியிருந்தார். கூடவே ஒரு கேள்வி: பேட்டரிப் பெட்டிக்கு நம் கம்பெனி நிறம் அடிக்க முடியுமா? முடியும் என்றேன். கடுமையான ஆரஞ்சு. லைன்மேன்கள் அதைச் சுமந்துகொண்டு மேடேறியபோது வேதத்து உடன்படிக்கைப் பெட்டி போகிறது, வழிவிடுங்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

விழா நன்றாகத்தான் தொடங்கியது. அவர் கிராமமும் உலகமும் கைகோர்ப்பதைப் பற்றிப் பேசினார். ரிப்பனில் கத்தரிக்கோலை வைக்கும்போது எங்கள் எல்லார் போன்களும் ஒன்றாக முனகின. யானை நடமாட்டம் பற்றிச் சொல்கிற வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி: ஆனை இந்தப் பக்கந்தான் எறங்கியிருக்கு. பழகியவர்கள் பந்தலை அப்படியே விட்டுவிட்டு அமைதியாக ஜீப்புகளுக்கு நடந்தோம். அவர் மட்டும் கத்தரிக்கோலோடு ஓடினார். ஜீப் பாதி மலை இறங்கி மூச்சு திரும்பியதும், "பாத்தீங்களா, இதான் கனெக்டிவிட்டி" என்றார்.

புதிய பேட்டரிகள் வேலை செய்தன. அந்த மேட்டிலிருந்து புகார் வருவது நின்றது. அடுத்த கூட்டத்தில் அவர் ஒரு கோட்டுப்படம் காட்டினார். தளிர் வெளியிடப்பட்ட இடத்தில் "ரேஞ்ச் போதவில்லை" என்ற கோடு படிப்படியாக இறங்கித் தரையைத் தொட்டிருந்தது. அந்த மேட்டில் ஒரு வீடுகூடத் தளிருக்கு மாறவில்லை. "கஸ்டமர் கேட்டது ரேஞ்ச். நாம குடுத்தது ரேஞ்ச்," என்றார் அவர். எல்லாரும் கைதட்டினார்கள். மேனேஜர் என்னைப் பார்த்துவிட்டுத் தட்டினார்.

ஒரு கம்பெனி சாவதற்குப் பல காரணங்கள் வேண்டும். பிழைத்துவிடும் என்று நம்புவதற்கு மட்டும் ஒரே ஆள் போதும். அவர் நன்றாக உடுத்தியிருந்தால் இன்னும் வசதி. ஒருவரை மாலை போட்டு அழைத்து வந்துவிட்டால் பேட்டரியைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை, வயரைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. தோற்றால் அவர் தோற்றார். இதற்குத்தான் முதலாளிகள் சம்பளம் கொடுத்தார்கள். அந்த வேலையை அவர் குறையில்லாமல் செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். அக்காவின் லேப்டாப்பில் படங்கள் தடங்கலில்லாமல் வந்துகொண்டிருந்தன. ஏதோ ஒரு நாட்டில் மழை பெய்த தெரு. குடைபிடித்து நடக்கிறவர்களை ஒவ்வொருவராகக் கட்டத்துக்குள் அடைத்துக்கொண்டிருந்தாள். இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பாராட்டை எதிர்பார்த்துத்தான் கேட்டேன்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பேட்டரி நல்லாத்தான் இருக்கு. நான் அதக் கேக்கல. ஒங்க சீயோன் கம்பெனியத் தூக்கி நிறுத்திருவானா? ஆமான்னா நான் பேரு குடுக்கல. இல்லன்னா நாளைக்கே குடுத்துருதேன். சுத்தி வளைக்காம ஒண்ணு சொல்லு."

மனசுக்குள் இரண்டு பக்கமும் எழுதிப் பார்த்தேன். நிலைக்கும் என்ற பக்கத்தில் ஓர் ஆரஞ்சு நிறப் பெட்டி இருந்தது. வேறொன்றும் இல்லை.

"மாட்டாரு," என்றேன்.

"அப்ப நீ அங்க என்ன பண்ணுத?"

"சம்பளம் வாங்குதேன்."

"அந்த மனுசனும் அதத்தான பண்ணுதான்," என்று சொல்லிவிட்டு, குடைக்குள் ஒளிந்திருந்த ஒரு குழந்தையைச் சுற்றி அக்கா கட்டம் போட்டாள்.

தலைமை அதிகாரி வருடம் முடிவதற்குள் பெங்களூருக்குப் போய்விட்டார். மலைநாட்டு இணையத்தை மீட்டெடுத்தவர் என்று தன்னை அறிமுகம் செய்துகொள்கிறார் என்று கேள்வி. எங்கள் முதலாளிகள் அடுத்த தலையைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஆரஞ்சுப் பெட்டியில் நிறம் உரியத் தொடங்கியிருக்கிறது. உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறது.

அக்கா பேர் கொடுத்தாள். பகலில் கொழுந்து எடுத்துவிட்டு வந்து, மிஞ்சிய நேரத்தில் கொஞ்சம் படங்களுக்குக் கட்டம் போடுகிறாள். லயத்து வீடு அப்படியே இருக்கிறது. அவள் எஸ்டேட் ஆபீசுக்குப் போன அன்று நான் வண்டன்மேட்டில் என் திரையில் சின்னக்கானல் இணைப்பை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு தடவையாவது அறுந்தால், அக்கா செய்தது சரி என்று கொஞ்சம் ஆறுதல் கிடைக்கும். சாயங்காலம்வரை பார்த்தேன். அறுபடவே இல்லை.